ராக்கெட் மறைந்த பிறகு தென்கிழக்கில் தெரிந்த வெளிச்சம்

31 டிசம்பர் 2024, காலை. வடசென்னை விம்கோ நகரிலிருந்து ஒரு கேள்வி

நேற்று இரவு பத்து மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போன ராக்கெட்டை மொட்டை மாடியிலிருந்து குடும்பத்தோடு பார்த்தோம். வடக்கே கிளம்பி, கிழக்குப் பக்கமாக வளைந்து ஏறி, மங்கி மறைந்துவிட்டது. எல்லோரும் கீழே இறங்கிவிட்டார்கள். நானும் மனைவியும் மட்டும் நின்றுகொண்டிருந்தோம். ஒரு பத்து நிமிடம் போயிருக்கும், தென்கிழக்கில் கடல் மேல் தாழ்வாக இன்னொரு வெளிச்சம். நல்ல பிரகாசம். கொஞ்சம் நகர்ந்து அணைந்துவிட்டது. ராக்கெட்டிலிருந்து பிரிந்த அந்த ஜோடிச் செயற்கைக்கோள்தானே அது? என் மச்சான் விமானம் என்கிறான். விவரம் தெரிந்த அண்ணன்மார் சொல்லுங்கள்.

31 டிசம்பர் 2024, இரவு 9:40

மச்சான் சொன்னதுதான் சரி. விமானம்.

செயற்கைக்கோளுக்குச் சொந்த விளக்கு கிடையாது. வெயில் பட்டால்தான் தெரியும். நமக்கு இருட்டு, அதற்கு வெயில், இரண்டும் ஒரே நேரத்தில் அமைய வேண்டும். அந்தி சாய்ந்த ஒன்றிரண்டு மணி நேரமும் விடியலுக்கு முந்தைய ஒன்றிரண்டு மணி நேரமும்தான் அதற்குத் தோது. டிசம்பர் 30 இரவு பத்து மணிக்குச் சூரியன் வெகு ஆழத்தில் கிடக்கிறது. கணக்குப் போட்டேன். அந்த நேரத்தில் சென்னைக்கு மேலே ஒரு பொருள் மேல் வெயில் பட வேண்டும் என்றால் அது 5,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். ஸ்பேடெக்ஸ் ஜோடி, அதாவது விண்வெளியில் ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்க அனுப்பிய அந்த இரண்டு செயற்கைக்கோள்கள், போனது சுமார் 475 கிலோமீட்டர். கும்மிருட்டு.

தவிர, பத்தாவது நிமிடத்தில் ராக்கெட் நம்மிடமிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும், தொடுவானத்தில் முங்கப் போகிற நேரம். செயற்கைக்கோள்கள் அதைவிட்டுப் பிரிந்ததே பதினைந்து நிமிடத்துக்கு அப்புறம்தான்.

சிங்கப்பூர் பக்கமிருந்து மீனம்பாக்கத்துக்கு வரும் விமானம் முன்விளக்கைப் போட்டுக்கொண்டு நம்மைப் பார்த்து நேராக வந்தால், நெடுநேரம் ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். திரும்பினால் பட்டென்று அணையும். பத்து வருடமாக மாடியில் நிற்கிறேன், எத்தனையோ பார்த்தாயிற்று. கதை முடிந்தது.

1 ஜனவரி 2025

"எங்கே பார்ப்பது என்றே தெரியாமல் நின்றோம், எங்களுக்கு ஒன்றுமே தெரியவில்லை" என்று காலடிப்பேட்டைத் தம்பி எழுதியிருக்கிறார். பாதிப் பேருக்கு இதுதான் சிக்கல். தலைக்கு மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

திருவொற்றியூரிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா சுமார் 62 கிலோமீட்டர். ஏறக்குறைய நேர் வடக்கு, ஆனால் ஒரு நூல் இடப்பக்கம். கடலிலிருந்து எழும்பும் என்று கடலைப் பார்த்து நிற்காதீர்கள். நம் கரை எண்ணூர், அத்திப்பட்டு வரைக்கும் கிழக்கே சாய்ந்துகொண்டே போகிறது. அதனால் ஏவுதளம் நம் பார்வைக்குக் கரைக்குப் பின்னால், வீட்டுக் கூரைகளுக்கு மேலேதான் வரும். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் உயரமான புகைபோக்கிகள் உங்கள் மாடியிலிருந்து தெரியும் அல்லவா? கையை நீட்டி விரல்களை விரித்து, சுண்டுவிரலைப் புகைபோக்கியில் வையுங்கள். கட்டைவிரல் இடப்பக்கம் போய் நிற்கிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி. ஒரு சாண் கணக்கு. அங்கேதான் முதலில் வெளிச்சம் வரும்.

இன்னொன்று, செல்பேசியில் நேரலை பார்த்துக்கொண்டு "கிளம்பட்டும், அப்புறம் நிமிர்ந்து பார்ப்போம்" என்று இருந்தால் போச்சு. நேரலை வந்து சேர அரை நிமிடம் வரை தாமதமாகும். செல்பேசியில் எண்ணிக்கை ஓடிக்கொண்டிருக்கும்போது மேலே ராக்கெட் ஓடிக்கொண்டிருக்கும். கடிகாரத்தைப் பாருங்கள். திங்கட்கிழமை அதிலும் ஒரு கூத்து. செய்தித்தாளில் 9:58 என்று இருந்தது. அதே பாதையில் இன்னொரு செயற்கைக்கோள் குறுக்கே வருகிறது என்று இரண்டு நிமிடம் தள்ளிவைத்தார்கள். எங்கள் தெருவில் மூன்று குடும்பம் 9:59-க்கு "கேன்சல்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் கீழே போனது.

சரி, கிளம்பிய அந்த நொடியே தெரியுமா? தெரியாது. மாடியில் நின்றாலும் நம் தொடுவானம் பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டரில் முடிந்துவிடுகிறது. 62 கிலோமீட்டர் தள்ளி முதல் 200 மீட்டர் பூமியின் வளைவுக்கு அடியில். அதற்கு மேல் புகை, தூசு, முருங்கை மரம், தண்ணீர்த் தொட்டி. பத்துப் பதினைந்து வினாடி பொறுக்க வேண்டும்.

3 ஜனவரி 2025

வாபஸ். விமானம் இல்லை.

விம்கோ நகர்க்காரர் அவர் மனைவி எடுத்த வீடியோவைப் போட்டிருக்கிறார். பதினான்கே வினாடி. கை நடுக்கம், பின்னணியில் நாய் குரைப்பு, ஓரத்தில் கேபிள் கம்பி. அது முக்கியமில்லை. கோப்பில் பதிந்திருக்கும் நேரம் 10:05. ராக்கெட் கிளம்பியது 10:00:15. அவர் பத்து நிமிடம் என்று சொன்னது உண்மையில் ஐந்து நிமிடம். வேடிக்கை முடிந்து எல்லோரும் இறங்கிப் போன பிறகு குளிரில் நின்றால் ஐந்து நிமிடம் பத்தாகத்தான் தெரியும். அவர் மேல் தப்பில்லை. அதைக் கேட்காமலே தீர்ப்பு எழுதினேனே, என் மேல்தான் தப்பு.

ஐந்து நிமிடம் என்றால் எல்லாமே மாறிவிடுகிறது. அன்றைக்குப் போனது பி.எஸ்.எல்.வி. ராக்கெட். அதில் நான்கு அடுக்கு. முதலாவது திட எரிபொருள், இரண்டாவது திரவம், மூன்றாவது மறுபடி திடம், நான்காவது மறுபடி திரவம். நம் ஆட்கள் கைதட்டிப் பார்ப்பது முதல் அடுக்கை. அலுமினியத்தூள் கலந்த எரிபொருள், வெல்டிங் பொறி மாதிரி கண்ணைக் குத்தும் வெளிச்சம், பின்னால் கெட்டியான வெண்புகை. கிட்டத்தட்ட 110 வினாடியில் அது முடிந்துவிடும். அடுத்து இரண்டாவது அடுக்கின் விகாஸ் என்ஜின் எரிகிறது. திரவ எரிபொருள், புகையில்லை, சுடரும் மங்கல். ஊருக்குள் தெருவிளக்கு வெளிச்சத்தில் நின்றால் அது கண்ணுக்கு எட்டாது. "மறைந்துவிட்டது" என்று கூட்டம் கலைகிற நேரம் அது. நான்கு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆனதும் இரண்டாவது கழன்று மூன்றாவது பற்றிக்கொள்கிறது. திடம், மறுபடி பளிச். அதற்குள் ராக்கெட் 200 கிலோமீட்டருக்கு மேல் உயரம், நம்மிடமிருந்து ஆயிரம் கிலோமீட்டர் பக்கம் தென்கிழக்கில். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் கடலுக்கு மேல் ஒரு முஷ்டி உயரம். அவர் வீடியோவில் அந்த இடத்தில்தான் இருக்கிறது, அந்த நேரத்தில்தான் அணைகிறது.

ஆக, அவர்கள் இருவரும் பார்த்தது மூன்றாவது அடுக்கின் நெருப்பு. செயற்கைக்கோள் அதன் தலைமாட்டில் இருட்டில் உட்கார்ந்திருந்தது. மச்சானுக்கும் எனக்கும் பூஜ்யம். பத்து வருடமாக மாடியில் நிற்கிறேன் என்று பெருமை பேசினேன் அல்லவா? பத்து வருடமாக மூன்றாவது நிமிடத்தில் கீழே இறங்கி வந்திருக்கிறேன்.

7 ஜனவரி 2025

சத்தம் பற்றி இரண்டு பேர். "ராக்கெட் கிளம்பியதும் ஜன்னல் அதிர்ந்தது" என்று ஒருவர், "சத்தமே வராது, எல்லாம் பிரமை" என்று ஒருவர். முதலாமவர் எழுதியதைப் படித்ததும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன், எனக்கும் அதிர்ந்த ஞாபகம் இருக்கிறது. பிறகு யோசித்தேன். சத்தம் வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். 62 கிலோமீட்டருக்கு மூன்று நிமிடம் ஆகும். கிளம்பியதும் அதிர்ந்தது என்றால் அது எண்ணூர் விரைவுச் சாலையில் போன கண்டெய்னர் லாரி. எங்கள் வீட்டு ஜன்னல் தினமும் அதற்குத்தான் அதிர்கிறது, ராக்கெட் அன்றைக்கு மட்டும் அதைக் கவனித்திருக்கிறேன்.

மூன்றாவது நிமிடத்தில் காது கொடுத்துப் பார்த்தவர் யாராவது உண்டா? நான் கீழே இறங்கியிருப்பேன், மேலே சொன்னபடி.

12 ஜனவரி 2025, ஞாயிறு, வேலை இல்லை, நீளமாகப் போகும்

எங்கள் தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். ராயபுரத்தில் குடியிருப்பு. 1957-ல் ஸ்புட்னிக் பார்த்தேன் என்று சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். "ரஷ்யாக்காரன் விட்ட நட்சத்திரம்டா, வேப்பமரத்துக்கு மேல போச்சு." ஆயா ஒவ்வொரு முறையும் "அன்னிக்கு நீ நிதானத்துல இருந்தியா?" என்று கேட்பாள். நைனா சிரிப்பார். நானும் ரொம்ப நாள் அதைக் கதை என்றே நினைத்திருந்தேன்.

ஸ்புட்னிக் என்பது 58 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஓர் உருண்டை. 83.6 கிலோ. நல்ல இருட்டில், கூர்மையான கண் இருந்தாலும் தெரிவது கஷ்டம். அப்படியானால் உலகம் முழுக்க அன்றைக்கு மாடியிலும் வயலிலும் நின்று பார்த்தேன் என்று சொன்ன அத்தனை பேரும் பொய்யா? இல்லை. அதைக் கொண்டுபோய் விட்ட ராக்கெட்டின் மைய அடுக்கும் அதே பாதையில் சுற்றிக்கொண்டிருந்தது. அது பெரியது, வெயிலில் நன்றாக மின்னும். ஜனங்கள் பார்த்தது அதைத்தான். தாத்தா பார்த்தது நிஜம், பேர்தான் தப்பு. காலி பீப்பாயைப் பார்த்துவிட்டு நட்சத்திரம் என்றிருக்கிறார்.

விம்கோ நகர்க்காரர் கேள்வியிலும் அதேதான் நடந்தது. அறுபத்தேழு வருடம் கழித்தும் நம் கண்ணில் படுவது சரக்கு இல்லை, சரக்கு ஏற்றி வந்த வண்டி. கண்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறவனுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தெருவில் போகிற பெட்டியைத்தான் பார்க்கிறோம், உள்ளே என்ன இருக்கிறது என்று எவன் கண்டான்.

ஆயாவிடம் இதைச் சொல்ல முடியாமல் போய்விட்டது.

17 ஜனவரி 2025

நேற்று அந்த ஜோடி ஒன்றோடொன்று இணைந்துவிட்டது. கீழே மாடியில் கத்திய கூட்டத்தைவிட இதற்குத்தான் கத்தியிருக்க வேண்டும். அதே ராக்கெட்டின் நான்காவது அடுக்கை வீணாக்காமல் 350 கிலோமீட்டர் பக்கம் இறக்கி, சோதனை மேடையாகச் சுற்ற விட்டிருக்கிறார்கள். பெயர் போயம்-4. அதில் காராமணி விதை வைத்து, நான்கு நாளில் முளை விட்டிருக்கிறது. வீட்டில் சொன்னேன். "ஈரத்துணியில் கட்டி வைத்தால் இங்கே ஒரே ராத்திரியில் முளைக்கும்" என்றாள்.

29 ஜனவரி 2025

இன்று தை அமாவாசை. நைனாவுக்குத் திதி கொடுக்க விடியற்காலையில் கடற்கரைக்குப் போனேன். தூண்டில் வளைவுக் கற்களை ஒட்டி ஐந்தரை மணிக்கே கூட்டம். வரிசையாக வாழை இலை, எள், பச்சரிசி, பிண்டம். ஜி.எஸ்.எல்.வி. எஃப்-15 6:23-க்கு என்பது தெரியும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நூறாவது ஏவல் என்று நேற்றெல்லாம் அதே பேச்சு. ஆனால் தர்ப்பணத்தின் நடுவே கடிகாரம் பார்ப்பது முறையில்லை என்று விட்டுவிட்டேன்.

பாட்டன் பேர், முப்பாட்டன் பேர் என்று ஐயர் கேட்டுக்கொண்டிருக்கிறார், எனக்குப் பின்னால் ஒரு பையன் "ஏய்!" என்றான். திரும்பினேன். நான் மேலே எழுதிய இடம்தான், கூரைகளுக்கு மேலே, ஒரு நூல் இடப்பக்கம். ஆரஞ்சு நிறப் பொறி. சூரியன் இன்னும் எழவில்லை, உதிக்கப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பாக்கி. முதலில் புகை சாம்பல் நிறம், இருட்டோடு இருட்டு. பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர் உயரம் தாண்டியதும் அங்கே மட்டும் வெயில். புகையின் தலைப்பாகம் ரோஜா நிறமாக மாறியது, அடிப்பாகம் சாம்பலாகவே நின்றது. நடுவில் கோடு கிழித்ததுபோல் எல்லை. நமக்கு விடியவில்லை, அதற்கு விடிந்துவிட்டது. இத்தனை வருடம் பகலிலும் இரவிலும் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு தடவைகூட அமையவில்லை.

ஐயரும் நிறுத்திவிட்டார். வரிசையில் இருந்த எல்லோரும் கையில் எள்ளும் தண்ணீருமாக வடக்கே பார்த்துக்கொண்டு நின்றோம். பிதுர்களுக்குத் தெற்கு அல்லவா, யாருக்கும் ஞாபகமில்லை. ஒரு நிமிடம் போல. பிறகு ஐயர் தொண்டையைச் செருமி "தாத்தா பேர் சொல்லுங்கோ" என்றார். ஸ்புட்னிக் பார்த்தவர் பேரைச் சொன்னேன்.

ராக்கெட் தென்கிழக்கே வரவில்லை, கிழக்கே போய்விட்டது. பி.எஸ்.எல்.வி. போல நம் பக்கம் வந்து உயரே ஏறவில்லை. வடகிழக்குக்கும் கிழக்குக்கும் நடுவில் ஒன்றரைச் சாண் உயரத்தோடு சரி. ஆக எளிய விதி: பி.எஸ்.எல்.வி. என்றால் தென்கிழக்கு, ஜி.எஸ்.எல்.வி. என்றால் கிழக்கு. துருவப் பாதைக்குப் போகிறவை நேர் தெற்கே போக முடியாது, இலங்கை குறுக்கே கிடக்கிறது. அதனால் முதலில் தென்கிழக்கே போய்ப் பிறகு திரும்புகின்றன. அந்தச் சுற்று வேண்டாம் என்றுதான் குலசேகரப்பட்டினத்தில் சின்ன ராக்கெட்டுக்குப் புது ஏவுதளம் கட்டுகிறார்கள்.

புகை மட்டும் அரை மணி நேரம் நின்றது. ஒவ்வோர் உயரத்திலும் ஒவ்வொரு திசைக் காற்று. இழுத்து, நெளித்து, கடைசியில் ஜாங்கிரி.

சத்தம்? மூன்றாவது நிமிடம் காது கொடுத்தேன். அலைச் சத்தம், காக்கைச் சத்தம். ஒன்றும் தேறவில்லை.

4 பிப்ரவரி 2025

அமாவாசை அன்று போன செயற்கைக்கோளில் என்ஜினுக்கு ஆக்சிஜனேற்றி விடும் வால்வு திறக்கவில்லையாம். நினைத்த பாதைக்கு உயர்த்த முடியவில்லை. "அமாவாசையில் விட்டால் அப்படித்தான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தமிழ்நாட்டில் அமாவாசை நல்ல நாள் ஐயா, ஆந்திராக்காரரிடம் கேட்டால் வேறு சொல்வார். ஏவுதளம் இருப்பது அந்தப் பக்கம். இதை இதோடு விடுவோம்.

23 பிப்ரவரி 2025

சின்னச் சந்தோஷம். போயம்-4 பார்த்துவிட்டேன். அந்தி மங்கிய நேரம், மணலிச் சுத்திகரிப்பு ஆலைச் சுடருக்கு மேலே வடமேற்கிலிருந்து வந்தது. மங்கல்தான், பர்மா பஜாரில் வாங்கிய 10×50 பைனாகுலர் இல்லாவிட்டால் தவறவிட்டிருப்பேன். டிசம்பர் 30 அன்று நம் எல்லோரும் கைதட்டி அனுப்பிய அதே ராக்கெட்டின் கடைசித் துண்டு, காராமணிச் செடியோடு. நேரம் முன்கூட்டியே கணித்து வைத்திருந்ததால்தான் கிடைத்தது. சும்மா நின்றால் கிடைக்காது.

ராக்கெட் கிளம்பி ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு சுற்று முடித்துத் திரும்பி நம் தலைக்கு மேலேயே வரும் என்று நம்புகிறவர்கள் நிறைய. வராது. அது சுற்றுகிற நேரத்தில் பூமியும் திரும்பிவிடுகிறது. அடுத்த சுற்றின் தடம் இரண்டாயிரத்து ஐநூறு கிலோமீட்டர் பக்கம் மேற்கே விழும். நமக்கு வர நாளாகும்.

9 மார்ச் 2025

காசிமேட்டில் மீன் வாங்கப் போன இடத்தில் ஒருவர் படம் காட்டினார். விடியலுக்கு முன் கடலில் வலை இழுக்கும்போது எடுத்தது. ஒரே கோட்டில் வரிசையாகப் புள்ளிகள், ஊதுபத்தி நெருப்பு வரிசை மாதிரி. "ஏதோ பட்டத்துல லைட்டு கட்டி வுட்டுக்கிறானுங்கன்னு நெனச்சோம், கரையில இருந்து அவ்ளோ தூரத்துல எவன் பட்டம் வுடுவான்?" ஸ்டார்லிங்க், இணையச் சேவைக்காகக் கூட்டமாக விடுகிற செயற்கைக்கோள்கள். 2019 மே மாதம் முதல் அறுபதை விட்டபோதே ஐரோப்பாவில் பார்த்தவர்கள் மிரண்டார்கள். ஏவிய சில நாட்களுக்குத்தான் அந்த வரிசை, பிறகு ஒவ்வொன்றும் உயரம் ஏறி விலகிவிடும்.

இந்த இழையின் முதல் கேள்விக்கு "ஆமாம்" என்று பதில் சொல்லக்கூடிய ஒரே சங்கதி இதுதான் என்று இப்போது தோன்றுகிறது. ஏவிய கொஞ்ச நேரத்தில், செயற்கைக்கோளையே, வெறும் கண்ணால்.

5 ஏப்ரல் 2025

போயம்-4 நேற்றுக் காலை இந்தியப் பெருங்கடலுக்கு மேலே எரிந்து விழுந்துவிட்டது. கணக்கு முடிந்தது.

எல்லாம் இப்படி ஒழுங்காகப் போய்ச் சேர்வதில்லை. 2023 ஜூலையில் மேற்கு ஆஸ்திரேலியாவில் கிரீன் ஹெட் என்ற ஊர்க் கடற்கரையில் பெரிய உருளை ஒன்று ஒதுங்கியது. ஒரு பி.எஸ்.எல்.வி.யின் மூன்றாவது அடுக்காகத்தான் இருக்கும் என்று அந்நாட்டு விண்வெளி நிறுவனம் சொன்னது. விம்கோ நகர்க்காரரே, நீங்கள் பார்த்த வெளிச்சத்தின் அண்ணன்.

18 மே 2025

காலை 5:59, பி.எஸ்.எல்.வி. சி-61. மாடி. வற்றல் காயப் போட்ட துணியை மிதித்துவிட்டேன், அது தனி வழக்கு.

வெயில் வந்துவிட்டதால் மூன்றாவது அடுக்கு தெரியும் என்று எதிர்பார்க்கவில்லை. புகைத்தடம் அழகாக ஏறியது, தென்கிழக்கே வளைந்தது, முதல் அடுக்கு முடிந்தது. எல்லாம் சரியாக இருந்தது. "சூப்பர்" என்று நான்கு பேருக்கு அனுப்பிவிட்டுக் கீழே வந்தால், டி.வி.யில் இஸ்ரோ தலைவர் முகம் வாடியிருக்கிறது. மூன்றாவது அடுக்கில் அழுத்தம் குறைந்து, திட்டம் தோல்வி.

நம் மாடியிலிருந்து வெற்றிக்கும் தோல்விக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. இதே ஏவல் இரவில் நடந்திருந்தால் அந்தக் கடல் மேல் வெளிச்சம் பாதியில் மங்குவதை யாராவது பார்த்திருப்பார்களோ என்று மத்தியானம் வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.

சத்தம் கேட்டது! மூன்று நிமிடம் பத்து வினாடி. ஞாயிற்றுக்கிழமை, லாரி இல்லை. தூரத்து இடி உருள்வது மாதிரி, வருவதும் அடங்குவதுமாகக் கொஞ்ச நேரம். ஜன்னல் அதிரவில்லை. ஜனவரியில் "பிரமை" என்றவர் தயவுசெய்து குறித்துக்கொள்ளவும்.

31 ஜூலை 2025

ஜனவரி 29 அன்று நான் எழுதிய "எளிய விதி" செத்துவிட்டது. நேற்று மாலை 5:40-க்கு நிசார் போனது. ஜி.எஸ்.எல்.வி. ஆயிற்றே, கிழக்கே போகும் என்று பக்கத்து மாடிப் பிள்ளைகளை எல்லாம் கிழக்கே திருப்பி நிறுத்தினேன். அது சாவகாசமாகத் தென்கிழக்கே போகிறது. நிசார் பூமியைப் பார்க்கிற ரேடார், அதற்குத் துருவப் பாதை வேண்டும். ஜி.எஸ்.எல்.வி. ஒன்று அந்தப் பாதைக்குப் போனது இதுவே முதல் முறையாம். ராக்கெட்டின் பேரைப் பார்க்காதே, எங்கே போகிறது என்று பார். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் "அங்கிள், நீங்க சொன்ன பக்கம் ஒண்ணும் இல்லையே" என்று கேட்டதை அப்படியே பதிவு செய்கிறேன்.

3 நவம்பர் 2025

விம்கோ நகர்க்காரரை நேற்றுத்தான் நேரில் பார்த்தேன். மனைவி (எங்களுக்கு அக்கா), மச்சான் சகிதம் எங்கள் மாடிக்கு வந்திருந்தார். எல்.வி.எம்.-3 எம்-5, மாலை 5:26. கடற்படைக்கான சி.எம்.எஸ்.-03, எடை 4,410 கிலோ. வீட்டில் காராமணிச் சுண்டல். வேண்டுமென்றேதான்.

மச்சான் செல்பேசியில் நேரலையை வைத்துக்கொண்டு எண்ணிக்கொண்டிருந்தார். அவர் பதினைந்து என்று எண்ணும்போதே அக்கா "அதோ" என்றார். புகைபோக்கிக்கு இடப்பக்கம், சாண் கணக்கு மாறவில்லை. எல்.வி.எம்.-3-ல் இரண்டு பக்கமும் ஆளுக்கு இருநூறு டன் திட எரிபொருள். பி.எஸ்.எல்.வி. பக்கத்தில் நிற்க முடியாது. சூரியன் மேற்கே விழுந்துகொண்டிருந்ததால் புகை முழுக்கச் செம்பொன். இது நிஜமாகவே கிழக்கே போனது, பாதையை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன்.

சுண்டல் சாப்பிடும்போது மச்சான் கேட்டார்: "அப்போ கிளம்பின கொஞ்ச நேரத்துல விண்கலத்தையே பார்த்தவங்க யாருமே இல்லையா அண்ணே?" உண்டு. சந்திரயான்-3 இதே ரக ராக்கெட்டில் 2023 ஜூலை 14, மதியம் 2:35-க்குக் கிளம்பியது. நமக்குப் பட்டப்பகல். நேரே கிழக்கே ஓடி, அரை மணி நேரத்தில் ஆஸ்திரேலியாவின் கீழைக் கரைக்கு மேலே. அங்கே அப்போது மாலை ஏழரை மணி, குளிர்காலம், ஊர் இருட்டிவிட்டது, மேலே வெயில் இருக்கிறது. நேரலையைப் பார்த்துவிட்டு வெளியே வந்த ஒருவர் தன் வீட்டுக்கு மேலே அது போவதைப் படம் எடுத்துவிட்டார். அங்கேயும் அவர் பிடித்தது சந்திரயானையா, கூடவே போன மேலடுக்கையா என்று நான் கேட்க மாட்டேன். ஜனவரியில் பட்டது போதும்.

யாரும் மூன்றாவது நிமிடத்தில் இறங்கவில்லை. ஆறு மணிக்கு மேல், புகைகூடக் கலைந்துவிட்ட பிறகு, அக்கா தென்கிழக்கே கை காட்டினார். கடல் மேல் தாழ்வாக ஒரு வெளிச்சம். நல்ல பிரகாசம், மெல்ல நகர்கிறது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை, பைனாகுலரை மச்சானிடம் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"சிவப்பு, பச்சை எல்லாம் மின்னுது," என்றார். "விமானம்."

இந்த முறை விமானம்தான்.